தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுக்கப்போகும் அக்காவுக்கு

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். 31 வயதுத் தம்பிக்கு ஏஎம்எல் என்ற இரத்தப் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோவுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையில் புற்றணு இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. அப்படியிருந்தும் ஏன் ஸ்டெம் செல், அதாவது இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு, மாற்றுச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள் என்பது முதல் கேள்வி. உங்கள் செல்கள் முழுமையாகப் பொருந்துகின்றன. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான உங்களுக்கு அதனால் ஆபத்து உண்டா என்பது இரண்டாவது. எல்லாம் முடிந்தபின் அவன் பழைய தம்பியாகத் திரும்புவானா என்பது மூன்றாவது. இவற்றுக்கு நடுவே "என் இரத்தத்தைக் கொடுத்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்" என்று தொடங்கி, முடிக்காமல் ஒரு வரியை விட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவில் 18 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் கடைசி ஏழு ஆண்டுகள் கொடையாளர்களோடு பேசுவதும், வீடு திரும்பிய நோயாளிகளைத் தொலைபேசியில் பின்தொடர்வதும்தான் என் வேலை. உங்கள் தம்பியின் குரோமோசோம் அறிக்கையை நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, எடுத்தபின் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"புற்றணு இல்லை" என்ற வார்த்தையிலிருந்து தொடங்குவோம். நோய் கண்டுபிடிக்கப்படும் சமயத்தில் ஒருவர் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. கீமோ அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். மஜ்ஜையில் முதிராத அணுக்கள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கி, இரத்த எண்ணிக்கையும் தேறிவிட்டால் அதை ரிமிஷன், அதாவது நோய் தணிந்த நிலை என்கிறார்கள். அப்போதும் நூறு கோடி அணுக்கள் எங்கோ பதுங்கியிருக்கலாம்; நுண்ணோக்கியில் அவை தெரியாது. களை பிடுங்கிய வயல் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், கோரைக்கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஆகவே அறிக்கையும் பொய் இல்லை, மருத்துவர் சொல்வதும் பொய் இல்லை.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தினம் ஒரு மாத்திரையோடு 12 ஆண்டுகளாக நன்றாக இருக்கிறாரே, இவனுக்கு ஏன் அது இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவருக்கு இருப்பது சிஎம்எல் என்ற நாட்பட்ட வகையாக இருக்கும். 2001-இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தபின் அந்த நோயின் கதையே மாறிவிட்டது. அதற்கு முன்பு அவர்களும் மஜ்ஜை மாற்றுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். இரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே பல நோய்கள். ஏஎம்எல்லிலேயே எல்லோருக்கும் மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. குரோமோசோம், மரபணுச் சோதனைகளின்படி நல்ல பிரிவில் வருகிறவர்களுக்குக் கீமோவை மட்டும் முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். நடுத்தரப் பிரிவிலும் மோசமான பிரிவிலும் வருகிறவர்களுக்குத்தான் முதல் ரிமிஷனிலேயே மாற்று செய்துவிடலாம் என்பார்கள்.

எண்களைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எண் இல்லாமல் முடிவெடுப்பது அதைவிடக் கடினம். ஐரோப்பிய நிபுணர்கள் 2012-இல் தொகுத்த கணக்குப்படி, நடுத்தரப் பிரிவில் கீமோவோடு நிறுத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 50 முதல் 55 பேருக்கு நோய் திரும்பியது. மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 20 முதல் 25 பேருக்குத் திரும்பியது. இந்த இடைவெளிக்காகத்தான் இத்தனை பாடு. ஆனால் மாற்றுச் சிகிச்சைக்கு அதற்கே உரிய விலை ஒன்று உண்டு. நோய் திரும்பாமலே, கிருமித்தொற்றாலோ சிகிச்சையின் விளைவாலோ இறப்பவர்கள் இருக்கிறார்கள். வயது, உடல்நிலை, பொருத்தம் ஆகியவற்றைப் பொறுத்து அது நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை போகலாம். உங்கள் தம்பி இளைஞர். முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு இருக்கிறார். இரண்டும் அவர் பக்கம் நிற்கும் காரணிகள். மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: தம்பி எந்தப் பிரிவில் வருகிறார், மிச்சம் இருக்கும் புற்றணுவைத் தேடும் எம்ஆர்டி சோதனை செய்தாயிற்றா, இந்த மருத்துவமனையில் இவரைப் போன்றவர்களில் முதல் ஆண்டைக் கடந்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குக் கோபப்படும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்குவார்கள்.

இதில் உங்கள் செல்கள் என்ன செய்யும்? பலர் நினைப்பது, மாற்றுக்குச் சற்று முன் கொடுக்கும் பெரிய கீமோ எல்லாவற்றையும் அழித்துவிடும், காலியான இடத்தில் புது விதை போடுகிறோம் என்று. அது பாதிதான். 1950-களில் டொனால் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது அவருக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. அந்தப் பணிக்காக 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காலப்போக்கில் ஒரு விசித்திரம் தெரியவந்தது: அச்சாக ஒன்றுபோலிருக்கும் இரட்டையரிடமிருந்து செல் பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது, சற்றே வேறுபட்ட உடன்பிறப்பிடமிருந்து பெற்றவர்களுக்குக் குறைவாகத் திரும்பியது. அந்தச் சிறிய வேறுபாடுதான் மருந்து. கொடையாளரின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மிச்சமிருக்கும் புற்றணுவை அந்நியன் என்று கண்டுபிடித்து அழிக்கின்றன. கீமோ சில நாள் வேலை செய்யும். உங்கள் அணுக்கள் ஆண்டுக்கணக்கில் காவல் காக்கும்.

முழுப் பொருத்தம் என்பது நம்மூரில் சொல்வதுபோல் இரத்த குரூப் ஒத்துப்போவது அல்ல. அணுக்களின் மேல் இருக்கும் எச்எல்ஏ என்ற அடையாளங்கள் அம்மாவிடமிருந்து ஒரு பாதி, அப்பாவிடமிருந்து ஒரு பாதி வருகின்றன. உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். உங்கள் தம்பிக்கு அது கிடைத்திருக்கிறது. கிடைக்காதவர்களுக்கும் இன்று வழி இருக்கிறது: பாதி பொருந்தும் அம்மா, அப்பா, பிள்ளைகளிடமிருந்து எடுக்கிறார்கள், சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் முகமறியாதவர்களையும் தேடுகிறார்கள். இரத்த குரூப் வேறாக இருந்தாலும் செய்துகொள்ளலாம். சில மாதங்களில் தம்பியின் குரூப் உங்களுடையதாக மாறிவிடும். இன்னொன்று: அதன்பின் அவர் இரத்தத்தில் குரோமோசோம் பார்த்தால் பெண்ணின் எக்ஸ்எக்ஸ் தான் தெரியும். உங்கள் அணுக்கள் முழுதாகக் குடியேறிவிட்டனவா என்று பார்க்க மருத்துவர்கள் அதையே பயன்படுத்துவதுண்டு.

உங்களுக்கு என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. நான்கைந்து நாட்கள் தோலுக்கடியில் ஜிசிஎஸ்எஃப் என்ற ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் இறக்கும். மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் காய்ச்சல் வந்ததுபோல் வலிக்கும், தலையும் வலிக்கலாம், பாராசிட்டமால் போதும். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, ஸ்டெம் செல்லைப் பிரித்து, மீதியை மறு கைக்குத் திருப்பி அனுப்புவார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். உதட்டைச் சுற்றி மரத்துப்போனது போலவோ எறும்பு ஊர்வது போலவோ இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைக்கிறது, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். செல் எண்ணிக்கை போதாவிட்டால் மறுநாளும் உட்கார வேண்டிவரும். அது உங்கள் குறை அல்ல. சில இடங்களில் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையையே எடுப்பார்கள். அதற்கு ஒரு வாரம் உட்காரும்போதும் எழும்போதும் வலி இருக்கும். இரண்டிலும் கொடுத்த அளவு சில வாரங்களில் ஊறிவிடும். மண்ணீரல் வீங்கிக் கிழிவது போன்ற கடுமையான விளைவுகள் மிக மிக அரிது. அதனால்தான் அந்த நாட்களில் கனமான பொருள் தூக்கக் கூடாது என்பார்கள். முதுகெலும்பிலிருந்து எடுப்பார்கள், கை கால் விளங்காமல் போகும் என்று உறவினர் யாராவது சொன்னால், அப்படி நடப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். முதுகெலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. கருத்தரித்துப் பிள்ளை பெற்ற பெண்ணின் செல்கள் ஆணுக்குப் போகும்போது, நாட்பட்ட ஜிவிஹெச்டி சற்று அதிகம் வருகிறது. ஜிவிஹெச்டி என்றால் வந்த அணுக்கள் இருக்கும் உடலைத் தாக்குவது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆணின் உடலுக்கே உரிய சில அடையாளங்களைப் பெண்ணின் அணுக்கள் அந்நியமாகப் பார்ப்பதுதான் காரணம். அதே காரணத்தால் நோய் திரும்புவதும் சற்றுக் குறைகிறது. அதே அளவு பொருந்தும் அண்ணன், தம்பி இன்னொருவர் இருந்தால் மருத்துவர்கள் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இல்லையென்றால், முழுதாகப் பொருந்தும் அக்காவை விட்டுவிடுவதில்லை. இதை யாரிடமோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு உள்ளுக்குள் வைத்துக் குமைவதைவிட, இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

உறவினர்கள் இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மாற்றுச் சிகிச்சைக்கு முன் தம்பிக்கு நீங்களோ நெருங்கிய இரத்த உறவினரோ இரத்தமோ பிளேட்லெட்டோ கொடுக்க வேண்டாம். அவர் உடல் உங்கள் அணுக்களை முன்கூட்டியே எதிரியாகப் பழகிக்கொண்டால், பிறகு செல் வேர்பிடிப்பது சிரமமாகும். நண்பர்கள் கொடுக்கட்டும்.

மருத்துவமனை நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். ஐந்து முதல் ஏழு நாள் பெரிய கீமோ. பிறகு உங்கள் செல் ஏறும் நாள். அதைப் பூஜ்ஜிய நாள் என்று எண்ணத் தொடங்குவார்கள். உறவினர்கள் அன்று அறுவை சிகிச்சை நடக்கும் என்று வெளியே காத்திருப்பார்கள். ஒரு பை இரத்தம் ஏறுவதுபோல் அது ஏறி முடிந்துவிடும். ஐந்தாம் நாளிலிருந்து வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது, மார்ஃபின் கொடுத்து வைத்திருப்போம். முடி கொட்டும், காய்ச்சல் வரும், பேச மாட்டார், யாரையும் பார்க்க விரும்ப மாட்டார். 12-ஆம் நாளுக்கும் 20-ஆம் நாளுக்கும் இடையில் ஒரு காலை வெள்ளையணு எண்ணிக்கை அசையும். கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500-ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் செல் வேர்பிடித்தது என்று பொருள். வாய்ப்புண் அந்த வாரமே ஆறத் தொடங்கும். நான் பார்த்ததிலேயே வேகமாக நிகழும் நல்லது அதுதான்.

பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள். உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களை மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்து 100-ஆம் நாள் வரை தங்கச் சொல்வார்கள். இந்தச் சிகிச்சையின் பாதி அந்த வாடகை அறையில்தான் நடக்கிறது. அங்கே செவிலியர் இல்லை, மானிட்டர் இல்லை, உங்கள் தம்பி மனைவியும் ஒரு தெர்மாமீட்டரும் இருப்பார்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், நள்ளிரவு இரண்டு மணியாக இருந்தாலும் உடனே கூப்பிட வேண்டும். காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தால் விடியும்வரை காத்திருந்து, அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை இங்கே வேண்டாம்.

மாத்திரைகள் ஒரு பை நிறைய இருக்கும். அதில் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மிக முக்கியமானது. உங்கள் அணுக்கள் தம்பியின் உடலைத் தாக்காமல் கட்டுக்குள் வைப்பது அதுதான். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் தாக்குதல் வரும், கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், இரத்த அழுத்தம் ஏறும். அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வந்து, இரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். எழுதிக் கொடுத்தாலும் பாதிப் பேர் போட்டுவிட்டு வருவார்கள். பம்ப்ளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும், வேண்டாம். ஊரிலிருந்து யாராவது கஷாயமோ லேகியமோ பப்பாளி இலைச் சாறோ கொண்டு வருவார்கள். அன்போடுதான் கொண்டு வருகிறார்கள். ஆனால் அது இந்த மருந்தோடு சேர்ந்து ஈரலை என்ன செய்யும் என்று கணிக்க முடியாது. வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களில், ஒரே மாதிரி பதில் கிடைத்த இருவரை நான் பார்த்ததில்லை. உறுதியானது இவ்வளவுதான்: நன்றாக வேகவைத்தது, சூடாக, சமைத்த சிறிது நேரத்திலேயே. கொதித்து ஆறிய தண்ணீர். ஆவியில் வெந்த சூடான இட்லி நல்ல உணவு, மாவு புளித்தது என்று பயப்பட வேண்டாம். பச்சைத் தேங்காய்ச் சட்னி, முதல் நாள் சோறு, வீட்டில் உறை ஊற்றிய தயிர், ஊறுகாய், கடைச் சாறு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள். சந்தேகமானது, பழமே கூடாது, காயே கூடாது என்ற கடுமையான கட்டுப்பாடு. அதனால் தொற்று குறைகிறது என்று ஆய்வுகள் தெளிவாக நிரூபிக்கவில்லை, பல பெரிய மையங்கள் அதைத் தளர்த்திவிட்டன. தோல் உரித்து உண்ணும் வாழைப்பழத்துக்கு உங்கள் மையம் அனுமதித்தால் மகிழ்ச்சியோடு கொடுங்கள், எடை குறைவதுதான் அப்போது பெரிய எதிரி. சாப்பாட்டைவிட நான் பயப்படுவது தூசியை. கட்டட வேலை நடக்கும் இடம், வைக்கோல், சாணம், ஈரச்சுவர், புறாக்கள் அடையும் பால்கனி எல்லாவற்றிலும் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கும். அறை பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்கும் முன் சுவரைத் தடவிப் பாருங்கள்.

இனி அந்த முடிக்காத வரிக்கு வருகிறேன். ஜிவிஹெச்டி வந்தால் முதலில் உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் சிவந்து எரியும். அல்லது வயிற்றுப்போக்கு நிற்காமல் போகும். அல்லது கண் மஞ்சளாகும். ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதிலேயே அடங்கும், அடங்காதவர்களுக்கு ருக்ஸோலிட்டினிப் போன்ற மருந்துகள் இப்போது இருக்கின்றன. நாட்பட்ட வகை மாதங்கள் கழித்து வரும். வாய் உலர்ந்து, ரசத்தின் காரம்கூடத் தாங்காது, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், தோல் இறுகும், சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கிப் படி ஏற முடியாமல் போகும். லேசாக வந்தால் அதில் ஒரு நன்மையும் உண்டு, அப்படிப்பட்டவர்களுக்கு நோய் குறைவாகத் திரும்புகிறது. கடுமையாக வந்தால் அது தனி நோயே.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு அண்ணன் தன் தங்கைக்குக் கொடுத்தார். நாற்பதாம் நாள் தங்கைக்குக் குடலில் ஜிவிஹெச்டி வந்தது. தினமும் வந்துகொண்டிருந்தவர் வருவதை நிறுத்திவிட்டார். நான் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "என் இரத்தம்தானே அவளைத் தின்கிறது" என்றார். அவர் அந்தப் பத்து நாளும் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கொடையாளரிடமும் ஊசி தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுவேன். உங்களிடமும் சொல்கிறேன். நீங்கள் கொடுப்பது செல்லை. அது அவர் உடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்கள் நல்ல மனத்தையோ, நீங்கள் சாப்பிட்டதையோ, விரதத்தையோ, சிறு வயதில் அவரோடு போட்ட சண்டையையோ பொறுத்தது அல்ல. தாக்குதல் வந்தாலும் நோய் திரும்பினாலும் அதில் உங்களுக்குப் பங்கில்லை. நல்லபடியாக முடிந்தால், அப்போது மட்டும் உங்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்வேன், அது கணக்குக்குச் சரிவராது என்றாலும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கொடுக்க மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, ஆனால் மறுப்பதானால் பெரிய கீமோ தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தொடங்கிவிட்டால், அவர் மஜ்ஜை அழிந்த பின் நீங்கள் பின்வாங்குவது அவர் உயிருக்கே ஆபத்து. குடும்பத்தின் முன்னால் சொல்ல முடியாத தயக்கம் இருந்தால் ஒருங்கிணைப்பாளரைத் தனியாகப் பார்க்கக் கேளுங்கள். அவர் அதை வெளியே சொல்ல மாட்டார்.

பழைய தம்பியாக வருவானா? முதல் ஆண்டில் வர மாட்டார். அது தெரியாமல் காத்திருப்பதுதான் குடும்பங்களை உடைக்கிறது. முடி முளைத்துவிடும், முகம் தேறிவிடும், உறவினர்கள் "நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் வேலைக்குப் போகவில்லை" என்பார்கள். அவருக்கோ குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டும்போல் இருக்கும். ஓய்வெடுத்தாலும் தீராத இந்தச் சோர்வு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். பெயர் மறக்கும், படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பார். அது சோம்பலும் இல்லை, மனம் விட்டுப்போனதும் இல்லை. தினமும் கொஞ்சம் நடப்பதுதான் அதற்குத் தெரிந்த சிறந்த மருந்து. வெயிலில் முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும், வெயில் தோலில் ஜிவிஹெச்டியைக் கிளப்பிவிடும். அவர் பள்ளி ஆசிரியர் என்றீர்கள். பிள்ளைகளின் சளி, அம்மை எல்லாம் வகுப்பறையில் உலவும் என்பதால், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் நிற்கும்வரை திரும்ப அனுப்ப மாட்டார்கள்.

குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகள் எல்லாம் அழிந்துவிடும், கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் மறுபடி தொடங்க வேண்டும். செயலிழந்த கிருமியில் செய்தவற்றை ஆறு மாதத்துக்குப் பக்கத்தில் ஆரம்பிப்பார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு ஆண்டுக்கு முன் கூடாது. உங்கள் வீட்டுக் குழந்தை அவரோடு தங்கும் காலத்தில் போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தால், முதலில் அவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்தச் சொட்டில் உயிருள்ள கிருமி இருக்கிறது.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும். அப்படித் திரும்பினாலும் வழி முழுக்க அடைபடுவதில்லை. உங்களிடமிருந்தே நிணநீர் அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து மறுபடி ஏற்றுவதுண்டு, புதிய மாத்திரைகள் உண்டு. ஆனால் அப்போது வெற்றி கடினம், அதை இனிப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டு நோயில்லாமல் கடந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் பத்து ஆண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்பதைப் பெரிய சர்வதேசப் பதிவேட்டு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அவர்களும் ஆண்டுதோறும் கண், தைராய்டு, எலும்பு, நுரையீரல், வாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையிலை, பாக்கு இரண்டையும் வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது, வாய்ப் புற்றுநோய் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காதவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986-இல் வேலூர் சிஎம்சியில் தொடங்கினார்கள். அன்றைக்கு எங்கோ ஓரிடத்தில் நடந்தது இன்று தமிழ்நாட்டிலேயே பல இடங்களில் நடக்கிறது. ஆனாலும் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும். தொற்று வந்தால் இன்னும் ஏறும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை இதற்குச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, பிரதமர் நிவாரண நிதிக்கு யார் படிவம் எழுதித் தருவார்கள் என்று அங்கே இருக்கும் சமூகப் பணியாளரிடம் தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். மருத்துவமனைப் பில்லோடு 100 நாள் வாடகை, இருவர் சம்பள இழப்பு, வீடு திரும்பிய பின் ஓராண்டு மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நகையை எல்லாம் முதல் மாதத்திலேயே விற்றுவிடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் தம்பி மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: திருமணமாகி இரண்டு ஆண்டு, குழந்தை இல்லை. இந்தச் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலான ஆண்களுக்குக் குழந்தை பெறும் திறன் திரும்புவதில்லை. விந்தணுவைச் சேமிப்பது முதல் கீமோவுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும், உயிரைக் காக்கும் அவசரத்தில் பல இடங்களில் அதை யாரும் பேசுவதில்லை. கீமோ பெற்றபின் எடுப்பது அவ்வளவு நல்லதல்ல என்றாலும், பெரிய கீமோ தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். எங்கள் வார்டில் அக்காக்களும் அம்மாக்களும் இதைக் கேட்கக் கூச்சப்பட்டார்கள், மனைவிகள் எல்லோர் முன்னிலும் வாயே திறக்கவில்லை; கேட்காமல் போனவர்கள் இரண்டு ஆண்டு கழித்து என்னிடம் வந்து கேட்டார்கள். ஆகவே இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் வெளியே இருங்கள், அவர்கள் இருவரும் மட்டும் உள்ளே போகட்டும். அந்தப் பெண்ணிடம் போகும் முன்பே சொல்லி வையுங்கள், இதைக் கேட்க வேண்டும் என்று. பிறகு 100 நாளில் எந்த வாரம் அவள் தூங்க, எந்த வாரம் நீங்கள் அல்லது அவள் அம்மா அறைக்கு வந்து முறை மாற்ற என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கொடுத்த முதல் வாரத்தில் உங்கள் பெயரைப் போட வேண்டாம், அந்த வாரம் உங்களுக்கும் ஒருவர் சோறு போட வேண்டியிருக்கும்.